ஆஸ்திரேலிய ஆட்டுக்கறியை அமெரிக்காவில் இறக்குவது எப்படி? அரசு ஆய்வு பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் நம்மவர்கள் கடை ஃப்ரீசரைத் திறந்தால், இறக்குமதி ஆட்டுக்கறியில் பெரும்பாலும் 'ஆஸ்திரேலியா' என்றுதான் போட்டிருக்கும். மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்த சிலர், "நாமே நேரடியாக ஒரு கன்டெய்னர் இறக்கினால் என்ன?" என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், கஸ்டம்ஸ் புரோக்கர் (சுங்கத் தாக்கலை நமக்காகச் செய்து தரும் முகவர்) அலுவலகங்களில் இறைச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கிற நேரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் சரக்கு தேறுமா தேறாதா என்பதில் முக்கால்வாசி, கப்பல் ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிடும். எந்த ஆலையில் வாங்கினீர்கள், சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதுதான் விஷயம். உங்கள் உழைப்பை அங்கே போடுங்கள்.

எந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது

மாடு, ஆடு, செம்மறி, பன்றி, கோழி இவற்றின் இறைச்சியைப் பார்ப்பது அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்பு ஆய்வுச் சேவை. எல்லோரும் சுருக்கமாக எஃப்.எஸ்.ஐ.எஸ். என்பார்கள். இதன் அதிகாரத்துக்கு அடிப்படை 1906-இல் வந்த கூட்டாட்சி இறைச்சி ஆய்வுச் சட்டம். கோழிக்கு 1957-இல் தனிச் சட்டம் வந்தது. மான், முயல் போன்றவையும் பெரும்பாலான மீன்களும் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பக்கம். மீனில் கெளுத்தி வகைக்கு மட்டும் விதிவிலக்கு. அது 2016 முதல் எஃப்.எஸ்.ஐ.எஸ். கையில் இருக்கிறது. பச்சை இறைச்சி 3 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ, அல்லது சமைத்த இறைச்சி 2 சதவீதத்துக்கும் குறைவாகவோ சேர்ந்த உணவுப்பொருளும் எஃப்.டி.ஏ.விடம் போய்விடும். மசாலா, சூப் பொடி இறக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேளாண் துறைக்குள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. விலங்கு, தாவர நோய்களைப் பார்க்கும் ஏஃபிஸ். இவர்களுடைய கேள்வியே வேறு. கறியைச் சாப்பிடுபவருக்கு நோய் வருமா என்று எஃப்.எஸ்.ஐ.எஸ். கேட்கும். இந்தக் கறியோடு சேர்ந்து அமெரிக்க ஆடுமாடுகளுக்கு நோய் வருமா என்று ஏஃபிஸ் கேட்கும். கோமாரி நோய் இருக்கிற நாட்டிலிருந்து பச்சை இறைச்சிக்குப் பெரிய தடை இருப்பது இதனால்தான். ஊரிலிருந்து வரும்போது அம்மா கட்டிக்கொடுத்த உப்புக்கண்டத்தை விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வதற்கும் இதே காரணம். சூட்கேஸில் இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பொருள் மட்டும் போகும். மறைத்தால் அபராதமும் சேரும்.

முதலில் நாடு, அப்புறம் ஆலை

எல்லா நாடும் அமெரிக்காவுக்கு இறைச்சி அனுப்பிவிட முடியாது. அந்த நாட்டின் ஆய்வு முறை அமெரிக்க முறைக்குச் சமமான பாதுகாப்பைத் தருகிறது என்று எஃப்.எஸ்.ஐ.எஸ். ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். சட்டங்களையும் நடைமுறைகளையும் காகிதத்தில் பார்ப்பார்கள், நேரில் போய்த் தணிக்கை செய்வார்கள், பிறகு அந்த நாட்டிலிருந்து வரும் சரக்கைத் துறைமுகத்தில் தொடர்ந்து சோதிப்பார்கள். இந்த மூன்றும் சேர்ந்துதான் அனுமதி நிலைக்கிறது. நாட்டுக்கு நாடு, விலங்குக்கு விலங்கு, பச்சையா சமைத்ததா என்று அனுமதி மாறும். மாட்டிறைச்சிக்கு அனுமதி இருக்கிறது என்பதால் கோழிக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டிறைச்சிக்கு இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இல்லை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இருக்கின்றன.

நாடு சரி என்றால், அடுத்து ஆலை. ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் எண் உண்டு. அந்த நாட்டு அரசு அந்த எண்ணை அமெரிக்காவுக்கு அனுப்பத் தகுதியானது என்று சான்று கொடுத்து, எஃப்.எஸ்.ஐ.எஸ். பட்டியலில் அது ஏறியிருக்க வேண்டும். விற்பனையாளர் "எங்களிடம் ஏற்றுமதி லைசென்ஸ் இருக்கிறது" என்று சொல்வது போதாது. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ அனுப்புகிற ஆலை அமெரிக்கப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். விலை பேசும் முன் ஆலை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலை நீங்களே பாருங்கள், அது பொதுவில்தான் இருக்கிறது. அறுத்தது ஓர் ஆலை, வெட்டிப் பொதிந்தது இன்னோர் ஆலை என்றால் இரண்டு எண்களையும் பாருங்கள்.

ஆலையின் பழைய கதையும் முக்கியம். ஓர் ஆலையின் சரக்கு முன்பு தேறாமல் போயிருந்தால், அதன் அடுத்தடுத்த சரக்குகள் கூடுதல் சோதனைக்கு உள்ளாகும். விற்பனையாளரிடம் "கடைசியாக எப்போது அமெரிக்காவில் திருப்பி அனுப்பப்பட்டது, எதற்காக?" என்று நேராகக் கேளுங்கள். நேர்மையான ஏற்றுமதியாளர் பதில் சொல்வார். மழுப்புகிறவரிடம், கிலோவுக்குப் பத்துக் காசு மலிவாக இருந்தாலும், வாங்காமல் இருப்பதே நல்லது.

சான்றிதழும் பெட்டியும் ஒன்று சொல்ல வேண்டும்

புதியவர்கள் அதிகம் அடிபடுகிற இடம் இதுதான். கறியில் ஒரு குறையும் இருக்காது. காகிதம் தப்பாக இருக்கும்.

ஒவ்வொரு சரக்குக்கும் ஏற்றுமதி நாட்டு அரசின் ஆய்வுச் சான்றிதழ் வேண்டும். ஆஸ்திரேலியா என்றால் அந்நாட்டின் வேளாண், மீன்வள, வனவியல் துறை தரும். தனியார் ஆய்வகம் தரும் அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. சான்றிதழில் என்ன விலங்கு, பச்சையா சமைத்ததா, என்ன வகைத் துண்டு, ஆலை எண், எத்தனை பெட்டி, ஒவ்வொரு லாட்டின் (ஒன்றாகச் சோதிக்கப்படும் ஒரே வகைப் பெட்டிகளின் தொகுதி) நிகர எடை, அனுப்புபவர், பெறுபவர், ஷிப்பிங் மார்க் எல்லாம் இருக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் இந்தத் தகவலை மின்னணு வழியாகவே நேரே எஃப்.எஸ்.ஐ.எஸ். கணினிக்கு அனுப்பிவிடுகின்றன.

ஷிப்பிங் மார்க் என்பது பெட்டியின் மேல் அச்சடித்த அடையாளக் குறி. இந்தப் பெட்டிகள்தான் இந்தச் சான்றிதழுக்கு உரியவை என்று காட்டுவது அது ஒன்றே. சான்றிதழில் ஒரு குறி, பெட்டியில் வேறு குறி என்றால், அதிகாரியைப் பொறுத்தவரை அது சான்றிதழே இல்லாத கறி. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்படியே நிற்கும். திருத்தம் செய்ய உங்களுக்கோ உங்கள் புரோக்கருக்கோ அதிகாரம் கிடையாது. ஏற்றுமதி நாட்டு அரசு மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அதுவரை கன்டெய்னருக்கு மின் இணைப்பு, இட வாடகை எல்லாம் உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னரை மூடும் முன், பெட்டியின் பக்கவாட்டு லேபிளையும் ஷிப்பிங் மார்க்கையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழ் வரைவையும் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றிலும் பெட்டி எண்ணிக்கையும் எடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான் இது. இதைச் செய்யாமல் விட்டு, வாரக்கணக்கில் சரக்கைக் கிடப்பில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லேபிள் தனி விஷயம். பொருளின் பெயர், எந்த நாட்டுப் பொருள், ஆலை எண், நிகர எடை, உறைநிலையில் வைக்கவும் என்ற குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வீட்டு வாடிக்கையாளருக்குப் பச்சையாக விற்கிற பொட்டலத்தில் பாதுகாப்பாகக் கையாளும் முறையும் அச்சாகியிருக்க வேண்டும். வெள்ளாட்டுக்கறிக்கு 'மட்டன்' என்று போடச் சொல்லாதீர்கள். அமெரிக்க லேபிளில் அது செம்மறியைக் குறிக்கும். 'ஹலால்' என்று அச்சடித்தால், இஸ்லாமிய அமைப்பு ஒன்றின் மேற்பார்வையில் கையாளப்பட்டதற்கான ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

கப்பல் கடலில் இருக்கும்போது

மூன்று வேலைகள். நல்ல கஸ்டம்ஸ் புரோக்கரைப் பிடிப்பது, கஸ்டம்ஸ் பாண்டு (வரியும் விதிமுறையும் தவறினால் ஈடுகட்டும் பிணை) எடுப்பது, ஆய்வு நடக்கும் கிடங்கை முடிவு செய்வது.

புரோக்கரைத் தேடும்போது துணிமணியும் மளிகையும் மட்டும் பார்த்தவரைத் தவிர்த்து, இறைச்சி பார்த்தவரையே தேடுங்கள். அவர் கஸ்டம்ஸ் தாக்கலோடு, எஃப்.எஸ்.ஐ.எஸ். இறக்குமதி ஆய்வு விண்ணப்பத்தையும் போட வேண்டும். அது படிவம் 9540-1. கஸ்டம்ஸ் கணினி வழியாகவும் அனுப்பலாம். சரக்கு வந்து சேரும் முன்பே, எப்படியும் கஸ்டம்ஸ் தாக்கல் செய்கிற நேரத்துக்குள், இது போய்விட வேண்டும்.

ஆய்வு துறைமுக மேடையில் நடக்காது. எஃப்.எஸ்.ஐ.எஸ். ஒப்புதல் பெற்ற தனிக் கிடங்குகள் இருக்கின்றன. பெரும்பாலும் துறைமுகத்துக்கு அருகே உள்ள தனியார் கோல்டு ஸ்டோரேஜ்கள். அவற்றின் எண்ணுக்கு முன்னால் 'ஐ' என்ற எழுத்து வருவதால் வழக்கில் ஐ-ஹவுஸ் என்கிறார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து இறைச்சி வெகுகாலமாக வந்திறங்கும் பிலடெல்பியா போன்ற துறைமுகங்களைச் சுற்றி இவை பல உண்டு. வேலை நேரத்தில் அரசு ஆய்வாளருக்குக் கட்டணம் இல்லை. வேலை நேரம் தாண்டியோ விடுமுறை நாளிலோ என்றால் ஓவர்டைம் கட்டணம் வரும். கிடங்குக்காரர் சரக்கை இறக்க, அடுக்க, பெட்டி எடுத்துக் காட்ட, சேமித்து வைக்கத் தனியாக வாங்குவார். இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். பெட்டிகளை உருகவைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் ஆய்வாளர் வருகிறார் என்றும் கேளுங்கள். உங்கள் கன்டெய்னர் எத்தனை நாள் காத்திருக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

ஆய்வு நாளில் என்ன நடக்கிறது

ஆட்டுக்கறி பல வடிவில் வரும். முழு உடலாக, துண்டம் போட்டு, அல்லது ஒரு முழு உடலை ஆறு பாகமாக வெட்டிப் பெட்டியில் அடைத்து. எந்த வடிவமானாலும், ஒவ்வொரு லாட்டுக்கும் கட்டாயம் நடப்பவை சில: சான்றிதழ் சரியா, லேபிள் சரியா, பெட்டி எண்ணிக்கை சரியா, வழியில் சேதம் ஏற்பட்டிருக்கிறதா, பொதுவான நிலை எப்படி. பெட்டி நனைந்து காய்ந்த தடம், உருகி மறுபடி உறைந்ததால் அடியில் கட்டிய சிவப்புப் பனி, உடைந்த மூலை, நாற்றம் எல்லாம் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

இதற்கு மேல் என்ன சோதனை என்பதை ஆய்வாளர் தன் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. அந்த நாட்டின், அந்த ஆலையின் வரலாற்றை வைத்துக் கணினி ஒதுக்கும். வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு சரக்குக்கு இந்தக் கூடுதல் சோதனை வரும். "போன தடவை ஒன்றும் கேட்கவில்லையே, இந்தத் தடவை ஏன்?" என்று கிடங்கில் வாதாடுவதில் பயனில்லை.

பொருள் ஆய்வு ஒதுக்கப்பட்டால், எந்தப் பெட்டியை எடுப்பது என்பது குலுக்கல் முறைதான். வாசலருகே நல்ல பெட்டிகளை அடுக்கிவைக்கும் தந்திரம் இங்கே எடுபடாது. எடுத்த மாதிரியைத் தேவைப்பட்டால் உருகவைத்து, வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். ரோமம், எலும்புச் சில்லு, இரத்தக்கட்டு, சீழ்க்கட்டி, தோலோடு வந்த அழுக்கு என்று ஒவ்வொன்றையும் எண்ணிக் குறிப்பார்கள். சிறு குறைகளுக்கு ஓர் அளவுவரை இடம் உண்டு. சாணம், குடல் உணவு, மடிப்பால் இவற்றின் தடத்துக்கு இடமே கிடையாது. கொடிய கிருமி உள்ளே வரும் வழி அதுதான்.

ஆய்வகச் சோதனை என்றால் கிருமி, மருந்து எச்சம், பூச்சிக்கொல்லி எச்சம், சில நேரம் 'இது எந்த விலங்கின் இறைச்சி' என்ற சோதனை. இந்தக் கடைசிச் சோதனை ஏன் என்று கேட்பவர்களுக்கு 1981-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். சான் டியேகோவில் உறைந்த ஆஸ்திரேலிய மாட்டிறைச்சியைப் பார்த்த ஓர் ஆய்வாளருக்கு, அது வழக்கத்தைவிடக் கறுத்தும் நார்நாராகவும் இருப்பதாகப் பட்டது. சோதித்தால் குதிரை இறைச்சி. தொடர்ந்து தேடியபோது கங்காரு இறைச்சியும் சிக்கியது. ஆஸ்திரேலியா நீதிபதி வுட்வர்டு தலைமையில் அரச ஆணையம் அமைத்து, தன் ஏற்றுமதி முறையையே திருத்த வேண்டி வந்தது. ஒருவர் கறியின் நிறத்தைக் கவனித்துப் பார்த்ததில் தொடங்கியது எல்லாம்.

கிருமிச் சோதனைக்கும் ஒரு வலி மிகுந்த பின்னணி உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த இ.கோலை ஓ157 கிருமியால் 700 பேருக்கும் மேல் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே அரைத்த மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தால் விற்கவே கூடாது என்று அரசு அறிவித்தது. இத்தகைய சோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டால், முடிவு வரும்வரை சரக்கை நகர்த்தக் கூடாது. திருவிழாவுக்கு, ரம்ஜானுக்கு என்று நாள் குறித்து இறக்குபவர்கள் இந்தக் காத்திருப்பையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஆய்வாளரை அவசரப்படுத்துவது சரியும் இல்லை, நடக்கவும் நடக்காது.

தேறினால் 'அமெரிக்க வேளாண் துறை ஆய்வில் தேறியது' என்ற முத்திரை பெட்டியில் விழும். அதில் கிடங்கின் எண் இருக்கும். இதன்பிறகுதான் அந்தக் கறி உங்கள் லாரியில் ஏறலாம்.

தேறாவிட்டால்

பதற வேண்டாம், முதலில் காரணத்தைக் கேளுங்கள். லேபிள் பிழை, வழியில் சில பெட்டிகள் நசுங்கியது போன்றவற்றை அனுமதியோடு சரிசெய்ய, பிரித்தெடுக்க வழி உண்டு. கறியே கெட்டது, கிருமி இருக்கிறது, சாணத் தடம் இருக்கிறது என்றால் அந்த லாட் மறுக்கப்பட்டுவிடும். பெட்டியில் 'நுழைவு மறுக்கப்பட்டது' என்ற முத்திரை விழும். அன்றிலிருந்து 45 நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும், அல்லது எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்டால் விலங்குத் தீவனமாக மாற்ற வேண்டும். செலவு யாருடையது என்பதை ஆர்டர் போடும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.

ஒரு நாட்டின் கதவே மூடப்படுவதும் நடந்திருக்கிறது. 2017 மார்ச்சில் பிரேசிலில் இறைச்சி ஆய்வாளர்கள் லஞ்சம் வாங்கிய விவகாரம் போலீஸ் நடவடிக்கையில் வெளிவந்தது. உடனே எஃப்.எஸ்.ஐ.எஸ். பிரேசில் இறைச்சி முழுவதையும், ஒரு லாட் விடாமல், சோதிக்கத் தொடங்கியது. பச்சை மாட்டிறைச்சியில் 11 சதவீதம் திருப்பி அனுப்பப்பட்டது. மற்ற நாடுகளுக்கு இது ஏறத்தாழ 1 சதவீதம். கோமாரித் தடுப்பூசி போட்ட இடத்தில் உண்டான சீழ்க்கட்டிகள் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஜூன் 22 அன்று பச்சை மாட்டிறைச்சிக்குத் தடை வந்தது. 2020 பிப்ரவரி வரை அது நீங்கவில்லை. ஒரே நாட்டை, ஒரே ஆலையை மட்டும் நம்பியிருந்த சிறு இறக்குமதியாளர் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வார்? இரண்டாவது ஆலை ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

லாரி நேரே கடைக்குப் போகக் கூடாது

கஸ்டம்ஸ் விடுவித்துவிட்டது என்று கணினியில் தெரிந்ததும், லாரிக்காரர் கன்டெய்னரை எடுத்துக்கொண்டு நேரே உங்கள் குடோனுக்கு வந்துவிடுவார். கறி தரமாகவே இருக்கலாம். ஆனால் எஃப்.எஸ்.ஐ.எஸ். பார்க்காமல் உள்ளே வந்த இறைச்சி சட்டப்படி விற்கத் தகாதது. கஸ்டம்ஸ் அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும், பாண்டில் கை வைக்கும். அதற்குள் விற்றிருந்தால் பொதுமக்களுக்கு அறிவித்துத் திரும்பப் பெற வேண்டிவரும். எஃப்.எஸ்.ஐ.எஸ். வெளியிடும் திரும்பப்பெறல் அறிவிப்புகளில் 'இறக்குமதி மறுஆய்வு இல்லாமல் வந்தது' (ஐ-ஹவுஸில் நடக்கும் ஆய்வைத்தான் மறுஆய்வு என்கிறார்கள்) என்ற காரணம் அடிக்கடி வருவதைக் காணலாம். பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்காது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற குழப்பமே காரணமாக இருக்கும்.

இதைத் தடுக்க வழி எளிது. லாரிக்காரருக்குத் தரும் டெலிவரி ஆர்டரில் ஐ-ஹவுஸ் முகவரி மட்டுமே இருக்கட்டும், உங்கள் குடோன் முகவரி இருக்கவே கூடாது. கிடங்கிலிருந்து 'முத்திரை விழுந்தது, எடுத்துப் போகலாம்' என்று எழுத்தில் வந்த பிறகு இரண்டாவது ஆர்டரைக் கொடுங்கள்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

மொத்த வியாபாரமாகச் செய்பவர்கள் எஃப்.எஸ்.ஐ.எஸ்.ஸில் தங்கள் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 5020-1. வாங்கியது, விற்றது, அனுப்பியது பற்றிய பதிவுகளை, வியாபாரம் நடந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நான் சொல்வது இதைவிட ஒரு படி கூட. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு கோப்பு போடுங்கள். அதில் சான்றிதழ், லேபிள் படம், ஆய்வு முடிவு, அப்புறம் எந்த லாட்டிலிருந்து எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி, எந்தத் தேதியில் போனது என்ற ஒரு தாள். கடைக்காரரின் பெயருக்குப் பக்கத்தில், இரவிலும் எடுக்கக்கூடிய தொலைபேசி எண். வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்திலிருந்து ஒரு லாட்டைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால், சனிக்கிழமை காலை ஒருவர் கறி வாங்க வரும் முன் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எல்லாக் கடைகளுக்கும் கூப்பிட்டு முடித்திருக்க வேண்டும்.